எப்ராயிம் முதலாளிகிட்ட நான் கேட்டது

எப்ராயிம் முதலாளியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்கியே, எனக்கு அந்த மனுசனைப் பிடிக்காதுன்னு உங்க ஆஸ்பத்திரியில யாரும் உனக்குச் சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டாங்க. இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில அதைச் சொன்னா யாரும் நம்பவும் மாட்டாங்க. உக்காரு தாயி. தமிழ் பேசுத பிள்ளைன்னு பார்த்து உன்னை அனுப்பியிருக்காங்க போல. எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வந்திருந்தா உனக்கு யோகம்தான். நீ போதும்னு சொன்னாலும் விட்டிருக்க மாட்டாக. அவுக போயாச்சு. இப்ப நான்தான் மிச்சம். முதலாளி பிறந்து நூறு வருசம்னு மலர் புஸ்தகம் போடுதீங்களாக்கும். போடுங்க. நான் சொல்லுததைப் போடுவியோ மாட்டியோ, அது உன் பாடு.

அவர் யாருன்னு உனக்குத் தெரியும். உங்க பிரசவ வார்டு அவர் கட்டினது. யூதர். பஜாருக்குப் பின்னால இருக்கே, அந்தத் தெருதான் அவங்க தெரு. தெருக்கோடியில அவங்க பள்ளி, அவங்க சாமி கும்பிடுத இடம். ஐஸ் கம்பெனி அவருது, சரக்கு ஏத்துற போட்டு, அதான் படகு, அதுவும் அவருது. அவங்க ஆளுங்களுக்கு அவர்தான் தலைவர். கல்யாணம் பேசணுமா, அண்ணன் தம்பி சண்டையா, பள்ளிக்கு ஓடு மாத்தணுமா, எல்லாத்துக்கும் அவர் வீட்டுப் படிதான். அவங்க ஆளுங்களுக்கு மட்டுமில்ல. மீன்காரப் பொம்பளைக்கும் அந்தப் படிதான், துலுக்கருக்கும் அந்தப் படிதான். பார்க்க ஒண்ணும் பெருசா இருக்க மாட்டார். குட்டை. வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, தலையில ஒரு சின்னத் தொப்பி. பேசும்போது குரலே எழும்பாது. நாம குனிஞ்சு கேக்கணும். அதுவும் எனக்குப் பிடிக்காது. எல்லாரையும் குனிய வைக்கிற குரல் அது.

எங்க வீட்டுக்காரர் பேரு உலகநாதன். எங்க ஊரு கோவில்பட்டிதான், அத்தை மகன். கல்யாணத்துக்கு முந்தியே இங்க வந்து ஐஸ் கம்பெனியில மிஷின் பார்க்கச் சேர்ந்துட்டாக. ஒருநாள் மிஷின்ல இருந்து அமோனியா கேஸ் பிடுங்கிக்கிச்சு. எல்லாரும் வெளியே ஓடியாச்சு, இவுக மட்டும் உள்ளே விழுந்து கிடந்திருக்காக. முதலாளி முகத்துல ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு உள்ளே போய், காலைப் பிடிச்சு இழுத்து வெளியே கொண்டாந்துட்டார். அதுல அவருக்கு ஒரு கண்ணு கடைசிவரைக்கும் கலங்கியே இருந்துச்சு. நல்ல காரியம்தான், இல்லைங்கலை. உயிரைக் காப்பாத்தினார்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. அந்த உயிரையே அவருக்கு எழுதி வச்சிடணுமா?

கல்யாணம் முடிஞ்சு ரயில்ல வந்து இறங்கினோம். போட்டுல ஏறி இந்தக் கரைக்கு வந்தோம். புதுப்பொண்ணு, தலையில பூ வாடிக் கிடக்கு, கசகசன்னு இருக்கு. வீட்டுக்குப் போவோம்னு பார்த்தா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு இவுக நேரா ஐஸ் கம்பெனிக்குப் போறாக. என்னைக் கொண்டுபோய் அந்த மனுசன் முன்னால நிறுத்தி, 'முதலாளி, இவதான்' அப்படின்னாக. மாட்டுச் சந்தையில பிடிச்சிட்டு வந்த மாதிரி. அவர் எழுந்து நின்னார். எழுந்து நின்னு என் பேரைக் கேட்டார். செண்பகவல்லின்னேன். எங்க நாக்கு இதைச் சொல்லப் பழகணுமேன்னு சிரிச்சார். ஆனா அன்னையிலிருந்து ஒருநாளும் பேரைத் தப்பாச் சொன்னதில்ல. இவுக என்னை எப்படிக் கூப்பிடுவாக தெரியுமா? 'ஏளா.' அவ்வளவுதான்.

இங்க எது பிடிக்கலைன்னு கேட்டார். தண்ணி உப்பா இருக்கு, வாயில வைக்க முடியலைன்னேன். போட்டு ஜெட்டியில குடிச்ச தண்ணி. அதைத்தான் வந்த வழியெல்லாம் இவுககிட்டச் சொல்லிட்டு வந்தேன். ம்ம், ம்ம்னு கேட்டுக்கிட்டாக. அந்த மனுசன்கிட்ட ஒரு தடவைதான் சொன்னேன். மழைக்காலம் வர்றதுக்குள்ள எங்க சந்துமுனையில குழாய் வந்துடுச்சு. முனிசிபாலிட்டியில போய் உக்காந்து, குழாய்க்கும் பள்ளம் தோண்டவும் ஆன செலவைத் தான் ஏத்துக்கிட்டு வாங்கிக் கொடுத்திருக்கார். சந்து ஜனம் பூராவும் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து அவரை வாழ்த்துது. கேட்டது நான். என்னை ஒருத்தியும் வாழ்த்தலை. அதுகூடப் போகட்டும். எனக்குன்னு செஞ்சாரா, ஊருக்குன்னு செஞ்சாரா? அந்த மனுசன் எதையும் ஒருத்தருக்குன்னு செய்ய மாட்டார். அதான் அவர்கிட்ட இருந்த கோளாறு.

எங்க வீட்டுக்கு வருவார். வந்தா எங்க சமையல் சாப்பிட மாட்டார், அவங்களுக்கு அதுல கட்டுப்பாடு உண்டு. உரிக்காத பழமும் பச்சைத் தண்ணியும்தான். அவர் வாராருன்னா எங்க வீட்டுக்காரர் பஜார் முழுக்க அலைஞ்சு, ஒவ்வொரு மலைப்பழமாத் தொட்டுப் பார்த்து வாங்கிட்டு வருவாக. எனக்கு மசக்கையா இருந்தப்ப நாரத்தங்காய் கேட்டேன். கிடைக்கலைன்னு கையை விரிச்சாக. அவ்வளவு தேடுத மனுசனுக்கு நாரத்தங்காய் கிடைக்காதாம்.

ஐஸ் விசயம் உனக்குத் தெரியுமா? அதை எழுதிக்கோ, இப்ப இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ஊர்ல யார் வீட்டுல சாவு விழுந்தாலும், மகன் வெளியூர்ல இருந்து வர்ற வரைக்கும் வைக்க ஐஸ் அவர் கம்பெனியில இருந்து போகும். எந்தச் சாதின்னு கேக்க மாட்டார், காசு வாங்க மாட்டார். சாக்குல சுத்தி, மரத்தூள் போட்டு, கைவண்டியில ஏத்தி யார் கொண்டு போவா? எங்க வீட்டுக்காரர்தான். வேற ஆளை அனுப்பலாம். அனுப்ப மாட்டாக. முதலாளி பேரைச் சொல்லிக் கொண்டு போற ஐஸை நானே கொண்டு போனாத்தான் மரியாதைம்பாக. அங்க போனா வண்டியை விட்டுட்டா வருவாக? பாடை கட்டுத வரைக்கும் நிப்பாக. தீபாவளி அன்னைக்கு ஒருநாள் எண்ணெயைத் தலையில வச்சுட்டு உக்காந்திருக்காக. கொச்சங்காடியில ஒரு கிழவர் போயிட்டார்னு ஆள் வந்துச்சு. எண்ணெய்த் தலையோடவே போயாச்சு. ஊர்ல யார் வீட்டுல எழவு விழுந்தாலும் என் வீட்டுல ஆள் இருக்காது. கேட்டா, 'புண்ணியம்ளா' அப்படிம்பாக. புண்ணியம் முதலாளிக்கு. அலைச்சல் எங்களுக்கு.

அப்புறம்தான் அவங்க ஆளுங்க இஸ்ரேலுக்குக் கிளம்பின காலம் வந்துச்சு. அவங்களுக்குன்னு ஒரு நாடு வந்துடுச்சுன்னு குடும்பம் குடும்பமாப் போக ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கும் வழி தெரியாது. பேப்பர் வாங்குறது, டாக்டர்கிட்டக் காட்டுறது, வீட்டை வித்துக் கொடுக்குறது, எல்லாம் இந்த மனுசன் தலையில. வீடு வாங்க வர்றவன் அடிமாட்டு விலை கேட்டா, அதுக்கு மேல போட்டுத் தானே வாங்கிக்கிட்டார். அப்படி அவர் கையில வந்து சேர்ந்த வீடுங்க பூட்டியே கிடந்துச்சு. அவர் பிள்ளைங்க ரெண்டு பேரும் போயாச்சு. அவரும் அவர் சம்சாரம் சிம்ஹா அம்மாவும் மட்டும் போகலை. கடைசி ஆளை அனுப்பிட்டுப் போறேன்னு சொல்லிட்டு இருந்தார்.

பம்பாய் வரைக்கும் ரயில்ல கூட்டிட்டுப் போய், அங்க ஏரோப்பிளேன் ஏத்திவிடணும். வயசானவங்க, கைப்பிள்ளைக்காரங்க, கண்ணு தெரியாதவங்க. கூடப் போறது யாரு? எங்க வீட்டுக்காரர். நான் அப்ப நிறைமாசம். போகாதீகன்னு சொன்னேன். பத்து நாள்ல வந்துடுவேன்னாக. பம்பாயில என்னமோ ஏரோப்பிளேன் தள்ளிப்போச்சுன்னு அங்கயே கிடந்தாக. இங்க எனக்கு வலி எடுத்துடுச்சு.

உங்க வார்டுலதான் பெத்தேன். அப்ப சுண்ணாம்பு வாசனை போகலை, கட்டிப் புதுசு. சிம்ஹா அம்மா என் பக்கத்துல உக்காந்து, முதுகைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே அவங்க பாட்டு ஒண்ணைப் பாடினாங்க. அவங்க பொம்பளைங்களுக்கு மலையாளத்துலயே பாட்டு உண்டு. வெளியே பெஞ்சுல முதலாளி. ஒரு நாள் பூராவும் அங்கயே இருந்திருக்கார். என் மகளை நர்ஸ் வெளியே கொண்டு போனா. முதல்ல பார்த்தது அவர். அப்பன் பார்க்க வேண்டிய முகம். 'உலகநாதன் ஜாடை'ன்னு சொல்லி அழுதாராம். நர்ஸ் வந்து அதைப் பெருமையாச் சொல்லுதா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. நீயே சொல்லு, எரியாதா?

இவுக பம்பாயில இருந்து வந்தாக. வந்து இறங்கி எங்க போனாக? ஐஸ் கம்பெனிக்கு. முதலாளி அங்கயே பிள்ளை பிறந்ததைச் சொல்லியாச்சு. வீட்டுக்கு வந்து நான் சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. பேராவது எங்க அம்மா பேரை வைக்கலாம்னு இருந்தேன். சிம்ஹான்னா அவங்க பாஷையில ஆனந்தம்னு அர்த்தமாம். பிள்ளைக்கு ஆனந்தவல்லின்னு வச்சாக. பேரு நல்லாத்தான் இருக்கு. அது வேற விசயம்.

கொஞ்ச வருசத்துல அந்தத் தெரு காலி ஆயிடுச்சு. அவங்க வழக்கத்துல ஒண்ணு இருக்கு தாயி. பள்ளியில முறைப்படி ஜெபம் நடக்கணும்னா யூத ஆம்பளைங்களே பத்துப் பேர் வேணும். ஒன்பது பேர் இருந்தாக்கூட சில ஜெபம் சொல்லக் கூடாது. முன்னால நிக்க இடமில்லாம ஜனம் வெளியே நின்ன பள்ளி. இப்ப ஏழு பேர், எட்டுப் பேர். எங்க வீட்டுக்காரருக்கு இது தாங்கலை. வெள்ளிக்கிழமை ஆனா போட்டை எடுத்துக்கிட்டுப் பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போய், அங்க மிச்சம் இருக்கிற யூதருங்க வீட்டுக் கதவைத் தட்டி, பொழுது சாயுறதுக்குள்ள ஆள் கொண்டு வருவாக. சனிக்கிழமை அவங்க பிரயாணம் போகக் கூடாது. அதனால வந்தவங்க தங்கணும். ஞாயித்துக்கிழமை திரும்பக் கொண்டுபோய் விடணும். ஆக வாரத்துல எனக்குன்னு இருந்த ஒரு ஞாயித்துக்கிழமையும் போச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை காத்து மழை. ஒருத்தரும் வரலை. ஒன்பது பேர்தான். எங்க வீட்டுக்காரர் பள்ளி வாசல்ல நின்னுக்கிட்டு, நான் வந்து நிக்கட்டுமா முதலாளின்னு கேட்டிருக்காக. அவர் இவுக தோளைத் தட்டி, நீ வாசல்ல நின்னாலே போதும்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார். வீட்டுக்கு வந்து நனைஞ்ச துணியை மாத்தாம அழுதாக. 'நான் பத்தாவது ஆளா இருக்க முடியலையே'ன்னு அழுதாக. எங்க மாமனார் செத்தப்பக்கூட அப்படி அழுததில்ல. எனக்காக எப்ப அழுதாக? நானும் ரெண்டு பிள்ளை கலைஞ்சு படுத்தவதான்.

அந்தச் சமயத்துலதான் எங்க அண்ணன் கோவில்பட்டியில இருந்து சொல்லி அனுப்பினார். தீப்பெட்டி ஆபீஸ் ஒண்ணு ஆரம்பிக்கேன், மாப்பிள்ளை வந்து பார்த்துக்கிட்டா பாதிப் பங்குன்னு. இவுககிட்டச் சொன்னேன். காதுலயே போட்டுக்கலை. முதலாளியை இந்த நிலைமையில விட்டுட்டா, அப்படின்னாக. என்னை எந்த நிலைமையில விட்டாகன்னு ஒருநாள் நெனச்சாகளா?

அடுத்த வெள்ளிக்கிழமை இவுக போட்டுல கிளம்பினதும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு அவங்க வீட்டுல வேலை பரபரன்னு இருக்கும். விளக்கு ஏத்துறதுக்குள்ள எல்லாம் முடியணும். சிம்ஹா அம்மா உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. முதலாளி குளிச்சிட்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே வந்தார். என்னைப் பார்த்ததும் என்னவோ ஏதோன்னு பயந்துட்டார். உக்காருன்னார். உக்காரலை.

அவர் பேசினது பாதி மலையாளம். நான் நம்ம தமிழ்லயே சொல்லுதேன்.

"முதலாளி, ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கீங்க. எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரரைக் கொடுத்துடுங்க."

உள்ளே மாவு தட்டுற சத்தம் நின்னு போச்சு. அவர் பொத்தான்ல இருந்து கையை எடுக்கலை.

"நான் உலகநாதனை ஒருநாளும் வான்னு கூப்பிட்டதில்லையே செண்பகவல்லி."

"கூப்பிட வேண்டாம். போன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் கலங்கின கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அது எப்பவும் துடைக்கிறதுதான்.

"சொல்லியிருக்கணும். என் ஜனம் எல்லாரையும் நானே ரயிலேத்தி அனுப்பினேன். என் பிள்ளைங்களையும் அனுப்பினேன். இவன் ஒருத்தனை அனுப்ப எனக்கு மனசு வரலை."

நாளைக்கு ஓய்வு நாள், அது கழியட்டும்னார். நீ வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்னார். எனக்கு ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினார். கேக்கப் போன இடத்துல சண்டை போடணும்னுதான் போனேன். அதுக்குக்கூட இடம் கொடுக்காத மனுசன்.

ஞாயித்துக்கிழமை இவுகளைக் கூப்பிட்டு, கம்பெனியைச் சுருக்கப் போறேன், உனக்கு உன் சொந்தக்காரங்க ஊர்தான் நல்லதுன்னு சொல்லியிருக்கார். இவுக என்னென்னமோ கெஞ்சியிருக்காக. கடைசியில குரலை உயர்த்தினாராம். வாழ்நாள்ல ஒரே தடவை உயர்த்தின குரல். இவுக வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டாக. 'என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலையேளா' அப்படின்னாக. நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கோவில்பட்டிக்குப் போனோம். நான் நெனச்ச மாதிரியே நடந்துச்சு. புருசன், பிள்ளை, அண்ணன் வீடு பக்கத்துல, வெயில் நல்லா அடிக்கும், துணி காயும். சாயங்காலம் ஆனா இவுக வீட்டுல இருப்பாக. நான் கேட்டது கிடைச்சுடுச்சு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ன, பேச மாட்டாக. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை ஓடாதுன்னு அண்ணன் சொல்லுவார். வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, தெருவுல போற ஆம்பளைங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பாக. எண்ணுதாகளோ என்னமோ.

மறுவருசம் தந்தி வந்துச்சு. முதலாளி போயிட்டார். எந்த ரயில்னு பார்க்காம ஏறி ஓடினோம். அவங்களுக்கு அன்னைக்கே அடக்கம் பண்ணிடணும். நாங்க வந்து சேரும்போது மண்ணு மூடியாச்சு. பஜார் பூராவும் கடை அடைச்சிருந்துச்சு. மூட்டை தூக்குறவன் முதக்கொண்டு வேலைக்குப் போகலை. பள்ளிக்குள்ள ஜெபம் சொல்ல ஆள் பத்தலை. வெளியே தெருக் கொள்ளாத ஜனம் நிக்குது. ஆம்பளைங்க மட்டும் எத்தனை நூறு பேரோ. ஒருத்தரையும் கணக்குல சேர்க்க முடியாது.

அதுக்கப்புறம் நாங்க கோவில்பட்டிக்குப் போகலை. சிம்ஹா அம்மாவுக்கு எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிக் கொடுக்கணும்னு இவுக இருந்துட்டாக. செத்துப்போன மனுசன்கிட்டப் போய் என்னத்தைக் கேக்க?

சிம்ஹா அம்மா மகன்கிட்டப் போகக் கிளம்பின அன்னைக்கு, இவுக பெட்டியெல்லாம் போட்டுல அடுக்கிக்கிட்டு இருந்தாக. நானும் அந்த அம்மாவும் ஜெட்டியில ஓரமா நின்னுக்கிட்டு இருந்தோம். அந்த அம்மா என் கையைப் பிடிச்சாங்க.

"அன்னைக்கு நீ வந்து கேட்டது எனக்குக் கேட்டுச்சு. சந்தோஷப்பட்டேன்."

போட்டுல நின்ன இவுக பக்கம் கையைக் காட்டினாங்க.

"சாப்பிட உக்காந்தா உலகநாதன். படுத்தா உலகநாதன். உலகநாதன் அப்படிச் சொன்னான், உலகநாதன் இப்படிச் செஞ்சான். எனக்கும் உன் புருசனைப் பிடிக்கவே பிடிக்காது செண்பகவல்லி. அவன் போனா என் மனுசன் எனக்குக் கிடைப்பார்னு இருந்தேன். நீங்க போனப்புறமும் வெள்ளிக்கிழமை ஆனா இந்த ஜெட்டியில வந்து நின்னு போட்டையே பார்த்துக்கிட்டு இருப்பார்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தாம்மா" அப்படின்னேன்.

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அடக்க அடக்க வருது. எழவு கழிஞ்ச பொம்பளையும் நானும் ஜெட்டியில நின்னு கண்ணுல தண்ணி வரச் சிரிக்கோம். போட்டுல இருந்து இவுக நிமிர்ந்து பார்த்தாக. அந்த அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டே ஏறிப் போனாங்க. அப்புறம் நான் அவங்களைப் பார்க்கலை.

பெட்டியை ஏத்திட்டு இவுக கரையில இறங்கி, போட்டு நடுத் தண்ணிக்குப் போனதும் என்கிட்ட வந்து, 'அம்மா உன்கிட்ட என்னளா சொன்னாங்க?'ன்னு கேட்டாக. ஒண்ணுமில்லைன்னேன். வீட்டுக்கு வந்து கேட்டாக. மறுநாள் கேட்டாக. மகள் கல்யாணத்துல பந்தியில உக்காந்து கேட்டாக. கடைசியில உடம்புக்கு முடியாமக் கிடக்கும்போதும், 'அன்னைக்கு ஜெட்டியில ரெண்டு பேரும் எதுக்குச் சிரிச்சீங்க, இப்பவாவது சொல்லு'ன்னு கேட்டாக. 'அது எங்க ரெண்டு பேருக்குள்ள'ன்னு சொல்லிட்டு, கஞ்சியை ஆத்திக் கொடுத்தேன்.